கொறங்காட்டுச் செடிகளை வகை பிரிப்பது எப்படி? 38 சதுரம் எடுத்தும் கூட்டம் பிரியவில்லை

மூலனூர்ப் பொண்ணு
ஜனவரி 4

வணக்கமுங்க. மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் அப்புச்சியின் காடும் அவருடைய பங்காளிகள் காடும் சேர்த்து நான்கு கொறங்காடுகளில் செடி கணக்கெடுத்திருக்கிறேன். தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன், இது யாரும் சொல்லிச் செய்கிற வேலை இல்லை. எங்கள் ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுகிறார்கள், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிற பதிவேடு. அதில் கொறங்காட்டுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'மேய்ச்சல் தரிசு'. அந்த வரியைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

வேறு பக்கத்து ஆட்களுக்காக: கொறங்காடு என்பது பட்டா நிலம்தான், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இதை நம்பித்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் காடும் ஒன்று போலத் தெரியும். உள்ளே இறங்கி நடந்தால் பத்தடிக்கு ஒரு செடி மாறுகிறது, அதைத்தான் வகை பிரித்து எழுத ஆசைப்படுகிறேன்.

செய்தது இது. பிவிசி பைப்பில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து மொத்தம் 38 சதுரம். ஒவ்வொன்றிலும் எந்தச் செடி, தரையில் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று எழுதினேன். மொத்தம் 61 இனம் வந்தது. 1 முதல் 18 வரை ஆகஸ்டில் எடுத்தேன், 19 முதல் 38 வரை டிசம்பரில். சதவீதத்தை அப்படியே ஆர் என்கிற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, சதுரங்களுக்கு இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கிடுகிற 'டிஸ்ட்' கொடுத்து, அப்புறம் ஒத்த சதுரங்களைக் கூட்டமாகச் சேர்க்கிற 'எச்கிளஸ்ட்' கொடுத்தேன், எதையும் மாற்றவில்லை. இரண்டு கூட்டமாகப் பிரித்தது. முதல் கூட்டத்தில் 17: அதாவது 7, 12 தவிர 1 முதல் 18 வரை எல்லாமும், கூட 33ம். மீதி 21ம் இரண்டாவது கூட்டம். இரண்டிலும் கொழுக்கட்டைதான் முதலில் நிற்கிறது. என்ன பெயர் வைப்பது என்றே தெரியவில்லை.

ஏற்கெனவே உள்ள வகைப்பாட்டில் பொருத்தலாம் என்றும் பார்த்தேன். சாம்பியன்–சேத் 1968இல் போட்ட காட்டு வகைகளில் 6ஏ/டிஎஸ்1, தெற்கத்தி முட்புதர் என்பது கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. புல்வெளிக்கு 1973இல் தபட்காவ்–சங்கரநாராயண் ஐந்து வகை சொன்னார்கள், அதில் நம் பக்கம் செஹிமா–டைகாந்தியம் வகையில் விழுகிறது. என் 38 சதுரத்தில் அந்த இரண்டு புல்லும் பேருக்குக்கூட இல்லை. எங்கே தப்பு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள்.

கிளுவைவேலி
ஜனவரி 5

அம்மிணி, முதல் கூட்டத்தின் எண்களை நீயே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார். ஒன்றிலிருந்து பதினெட்டு. அது ஆடி மாசத்தில் எடுத்தது. கணக்கு பிரித்திருப்பது செடியை இல்லை, மாசத்தை. ஆடியில் காற்றடித்துக் காய்ந்த புல்லையும், ஐப்பசி கார்த்திகை மழை குடித்துக் குலை தள்ளிய புல்லையும் ஒரே பட்டியலில் போட்டால் வேறு எப்படிப் பிரியும்? நம் பக்கம் ஒருவருஷச் செடியெல்லாம் வடகிழக்குப் பருவமழைக்கு முளைத்துத் தைக்குள் காய்ந்துவிடும். அவற்றை ஆகஸ்டில் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? 7, 12, 33 மூன்றும் ஏன் கட்சி மாறின என்று மட்டும் யோசித்துச் சொல்லு, அதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்னொன்று, சட்டத்தை எங்கே வைத்தாய்? நடந்து போகிற வழியில் தோன்றின இடத்தில் வைத்தாயா, இல்லை முதலில் காட்டைச் சுற்றிப் பார்த்து, இந்தத் துண்டு ஒரே மாதிரி இருக்கிறது, அந்தத் துண்டு வேறு மாதிரி இருக்கிறது என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஐந்தாறு வைத்தாயா? நான் இந்த வேலையைப் பழகினது பிரிட்டன்காரர்களின் தேசியத் தாவர வகைப்பாட்டு முறையைப் படித்து. அவர்கள் முதலில் கண்ணால் ஒரே சீரான துண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் சட்டத்தைக் கீழே வைப்பார்கள், இரண்டு துண்டும் கலக்கிற ஓரத்தில் வைக்கவே மாட்டார்கள். குட்டைப் புதர் நிலத்துக்கும் குட்டைப் புல்லுக்கும் இரண்டு மீட்டர் சதுரம், அடர்ந்த புதருக்குப் பத்து மீட்டர், மரத்துக்கு ஐம்பது மீட்டர் என்று செடியின் உயரத்துக்குத் தக்கபடி அளவும் மாறும். உன்னுடைய ஒரு மீட்டர் சட்டத்துக்குள் வெள்வேல மரத்தின் அடிமரம் விழுந்ததா? விழுந்திருந்தால் அதை எப்படி எழுதினாய்? மரத்தைத் தனியாகப் பெரிய சதுரத்தில் எடுத்து, புல்லைச் சின்னதில் எடுத்து, இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக வைத்துக்கொள்.

அந்த ஊர் ஹீத் நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், உன் காட்டுக்கு அது நேராகப் பொருந்தும். ஹீத் என்பது புளிப்பேறிய மணல் மண்ணில் முழங்கால் உயரத்துக்கு வளர்கிற புதர் நிலம், பெரும்பாலும் மேய்ச்சலாலும் தீயாலும் மனுசன் வெட்டியதாலும் நின்றது. மேய்ச்சலை நிறுத்தினால் பிர்ச்சும் பைனும் ஏறிவிடும், நம் கொறங்காட்டில் சீமைக்கருவேல் ஏறுகிற மாதிரி. அங்கே கல்லூனா என்கிற செடிதான் எங்கும் பரவியிருப்பது. ஆனால் அதை வைத்து மட்டும் வகை பிரிக்க முடியாது, ஏனென்றால் அது கிட்டத்தட்ட எல்லா வகையிலும் இருக்கிறது. எச்1 முதல் எச்22 வரை 22 வகை ஹீத் சொல்கிறார்கள். எச்2 என்பதில் கல்லூனாவோடு யூலெக்ஸ் மைனர் என்கிற முட்புதர் வரும், அது தென்கிழக்கு இங்கிலாந்துப் பக்கம். எச்8இல் அதே கல்லூனாவோடு யூலெக்ஸ் காலியை வரும், அது மேற்குப் பக்கம். பிரித்துக் காட்டுவது கூட வருகிற செடிதான். உன் காட்டில் கல்லூனா மாதிரி இருப்பது கொழுக்கட்டை. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நான்கு காடும் ஒரே காடாகத்தான் தெரியும். கீழே குனிந்து அதன் தூருக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்.

சாம்பியன்–சேத்தில் பொருத்துகிற வேலையை விட்டுவிடு. அது வனத்துக்குப் போட்ட வகைப்பாடு. நாம் 'காடு' என்று சொல்வது வனத்தை இல்லையே, வானம் பார்த்த புஞ்சையை. செஹிமா–டைகாந்தியம் என்பதும் தீபகற்பம் முழுக்கப் போர்த்துகிற பெரிய போர்வை. கொறங்காடு உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து, அப்புறம் புல்விதை தூவி விட்ட நிலம், அந்தப் போர்வைக்குள் எப்படி ஒழுங்காக அடங்கும்?

நொய்யல் கரை
ஜனவரி 5

மேலே ஐயா சொன்னதோடு கணக்குப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் மாசம் சரியாக இருந்தாலும் இந்தக் கணக்கு உங்களை ஏமாற்றியிருக்கும். ஆரில் 'டிஸ்ட்' என்று மட்டும் கொடுத்தால் அது யூக்ளிடியன் தூரத்தை, அதாவது எண்களுக்கு இடையிலான நேர்கோட்டுத் தூரத்தை எடுக்கும், 'எச்கிளஸ்ட்' தானாக எடுப்பது கம்ப்ளீட் முறை, அதாவது இரண்டு கூட்டத்தில் மிகத் தள்ளி நிற்கிற சதுரங்களின் தூரத்தை வைத்துச் சேர்ப்பது. செடிக் கணக்குக்கு யூக்ளிடியன் ஒத்துவராது. சும்மா சொன்னால் புரியாது, ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

மூன்று சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அ: கொழுக்கட்டை 70 சதவீதம், செப்புநெருஞ்சி 8. ஆ: கொழுக்கட்டை 30, செப்புநெருஞ்சி 8. இ: கொழுக்கட்டை 70, ஊசிப்புல் 8, செப்புநெருஞ்சி இல்லை. பார்த்த உடனே நீங்களும் நானும் அவும் ஆவும் ஒரே கூட்டம், ஆவில் ஆடு மேய்ந்திருக்கிறது என்றுதான் சொல்வோம். யூக்ளிடியனில் அ–ஆ தூரம் 40, அ–இ தூரம் 11 சொச்சம். அதாவது செடியே வேறாக இருக்கிற இ தான் அவுக்கு நெருங்கின சொந்தம் என்கிறது. சரி, இரண்டு சதுரத்துக்கும் பொதுவான செடி எவ்வளவு என்று பார்த்து 0 முதல் 1 வரை வித்தியாசம் சொல்கிற பிரே–கர்ட்டிஸ் போட்டால் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை, சதவீதத்தை அப்படியே வைத்தால் அ–ஆ 0.34, அ–இ 0.10, மறுபடியும் அதே முடிவு. நிறைய பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள், பிரே–கர்ட்டிஸ் என்று பெயர் மாற்றினால் போதும் என்று நினைத்து.

இப்போது சதவீதத்தை பிரவுன்–பிளாங்கே என்கிற படி அளவுக்கு மாற்றுங்கள்: 5 முதல் 25 வரை என்றால் 2, 25 முதல் 50 வரை 3, 50 முதல் 75 வரை 4, அதற்கு மேல் 5, ஐந்துக்குக் கீழே 1. அ என்பது 4, 2 ஆகிறது. ஆ என்பது 3, 2. இ என்பது கொழுக்கட்டை 4, ஊசிப்புல் 2. இப்போது பிரே–கர்ட்டிஸ் போட்டால் அ–ஆ 0.09, அ–இ 0.33. கண் சொன்னதும் கணக்கு சொன்னதும் ஒன்றாகிவிட்டது. பெரிய எண்ணை அமுக்கினதால் கொழுக்கட்டையின் சத்தம் குறைந்து சின்னச் செடிகளின் குரல் கேட்கிறது, அவ்வளவுதான். வர்க்கமூலம் எடுத்தாலும் இதே வேலைதான் நடக்கும்.

ஆகவே ஆரின் வீகன் தொகுப்பில் 'வெக்டிஸ்ட்' கொடுங்கள், அது தானாகவே பிரே–கர்ட்டிஸ் எடுக்கும். கூட்டம் சேர்க்க, கம்ப்ளீட்டுக்குப் பதிலாகச் சராசரித் தூரத்தை வைத்துச் சேர்க்கிற சராசரி இணைப்பைக் கேளுங்கள். ஒரே ஒரு சதுரத்தில் மட்டும் வந்த இனங்களை முதல் ஓட்டத்தில் ஒதுக்கி வையுங்கள், அழித்துவிடாதீர்கள். கூட்டம் வந்த பிறகு ஒவ்வொரு இனமும் அந்தக் கூட்டத்தின் சதுரங்களில் எத்தனையில் வருகிறது என்று எண்ணி, 20 சதவீதத்துக்கு ஒரு படி என்று ரோம எண்ணில் ஒன்று முதல் ஐந்து வரை எழுதுங்கள். ஐயா சொல்கிற பிரிட்டன் முறையில் நான்கும் ஐந்தும் வாங்கின செடிகளைத்தான் மாறாத செடிகள் என்பார்கள், வகைக்குப் பெயரும் பெரும்பாலும் அவற்றிலிருந்து வரும். ஒரு கூட்டத்தில் ஐந்து வாங்கி மற்றதில் ஒன்று வாங்குகிற செடி கிடைத்தால் விடாதீர்கள், அதுதான் அந்தக் கூட்டத்தை அடையாளம் காட்டுகிற உங்கள் சுட்டுச்செடி.

ஒரு சந்தேகம். உங்கள் பட்டியலில் கொழுக்கட்டை ஒரே வரியாக இருக்கிறதா? நீலக் கொழுக்கட்டையும் விதைத்து விட்டிருப்பார்களே, சென்க்ரஸ் கிளாக்கஸ், இலை சாம்பல் நீலமாக இருக்கும். அதையும் சாதாரணக் கொழுக்கட்டையான சென்க்ரஸ் சிலியாரிஸையும் ஒன்றாகப் போட்டிருந்தால் பிரித்துவிடுங்கள்.

வெள்ளகோவில் பட்டிக்காரன்
ஜனவரி 7

கண்ணு, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது, நான்கு தலைமுறையாக ஆடு மேய்க்கிற குடும்பம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உன் காட்டில் பட்டி போட்ட இடம் எது என்று அப்புச்சியிடம் கேட்டாயா?

ஆட்டுப்பட்டி ஓர் இடத்தில் கிடந்தால் புழுக்கையும் மூத்திரமும் இறங்கி அந்த மண்ணே வேறு மண்ணாகிவிடும். படலைப் பிரித்து வேறு இடத்துக்கு மாற்றின பிறகும் பல வருஷத்துக்கு அந்த இடம் தெரியும். மழை விழுந்தால் அங்கே மட்டும் கரும்பச்சையாக முளைக்கும், நாயுருவி, குப்பைமேனி, ஊமத்தை எல்லாம் அங்கேதான் நிற்கும், கொழுக்கட்டை ஒதுங்கிக்கொள்ளும். மாடு மத்தியானம் படுத்து அசைபோடுகிற வெள்வேல மரத்தடியும் அப்படித்தான். வேலாங்காய் உதிர்கிற மாசத்தில் ஆடு மரத்தடியை விட்டு நகராது, தின்ற காயின் விதை புழுக்கையோடு போய் வேறு இடத்தில் முளைக்கும். இதை எல்லாம் செடியை மட்டும் எண்ணினால் எப்படித் தெரியும்? எந்தக் காட்டை எந்த மாசம் அடைத்து வைத்தார்கள், எப்போது திறந்து விட்டார்கள், கடைசியாக உழுதது எந்த வருஷம், இதைச் சதுரத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வை.

மண்ணையும் பார். எங்கள் காட்டில் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக்கல், மேலேயே கிடக்கிற துண்டு ஒன்று உண்டு, கடப்பாரை இறங்காது. அங்கே புல் குட்டையாகத்தான் வரும், ஆனால் ஆடு அதைத்தான் முதலில் தேடிப் போகும்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் பக்கம் சோலாருக்கு என்று காடு கேட்டு வருகிறவர்கள் இதைச் சும்மா கிடக்கிற தரிசு என்றுதான் சொல்லிக் கேட்கிறார்கள். நீ எழுதுகிற பதிவேட்டில் இந்தச் செடிகளின் பெயர் ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். நல்லா எழுது கண்ணு.

மூலனூர்ப் பொண்ணு
பிப்ரவரி 2

எல்லாருக்கும் நன்றிங்க. உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவும், காட்டிலேயே இருந்தேன்.

முதலில் கிளுவைவேலி ஐயா கேட்ட மூன்று சதுரம். 7ம் 12ம் போர் பைப் கசிகிற இடத்துக்குக் கீழே இருந்தவை, ஆகஸ்டிலும் அங்கே பச்சை இருந்தது, அதனால் டிசம்பர் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டன. 33 எடுத்த அன்றைக்கு முந்தின நாள்தான் அந்தக் காட்டில் ஆடு விட்டிருந்தார்கள், தூர் மட்டும்தான் மிச்சம், அதனால் அது காய்ந்த கூட்டத்தில் போய் உட்கார்ந்தது. நான் 'வகை' என்று நினைத்துக்கொண்டிருந்தது ஈரமும் மேய்ச்சலும்தான். மரம் பற்றிக் கேட்டதும் சரி, இரண்டு சதுரத்தில் வேலாமரத்தின் அடிமரத்தைப் புல்லோடு சேர்த்து எழுதியிருந்தேன். இப்போது மரத்தைத் தனியாக எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் சதுரங்களை வேலியில் துணி கட்டி அடையாளம் வைத்திருந்தேன். பொங்கல் முடிந்த கையோடு அவற்றில் 14 இடத்தை மறுபடியும் எடுத்தேன், கொழுக்கட்டைக் குலை இன்னும் கதிரோடு நின்றது, நரிவால் மாதிரி மென்மையாக. மீதி நான்கையும் விட்டுவிட்டேன், இரண்டு பைப் அடியில் இருந்தவை, இரண்டு வேலி ஓரத்தில் இரண்டும்கெட்டானாக வைத்தவை. டிசம்பரின் 20ஐயும் சேர்த்து 34 சதுரம், எல்லாம் ஒரே மழைக்குப் பிந்தினவை. சட்டத்தை மாற்றவில்லை, ஒரு மீட்டரே இருக்கட்டும் என்று விட்டேன். நொய்யல் கரை சொன்ன மாதிரி சதவீதத்தை பிரவுன்–பிளாங்கே அளவுக்கு மாற்றி, பிரே–கர்ட்டிஸ், சராசரி இணைப்பு. இந்த முறை மூன்று கூட்டம் வந்தது.

முதலாவது 14 சதுரம், மணல் கலந்த செம்மண். கொழுக்கட்டையும் கொழிஞ்சியும் ஊசிப்புல்லும். இரண்டாவது 11 சதுரம், எல்லாம் சுக்கான்கல் மேலே கிடக்கிற மேட்டில். இங்கே செப்புநெருஞ்சி 11இல் 9 சதுரத்தில் இருக்கிறது, ஐந்தாம் படி. செம்மண் கூட்டத்தில் 14இல் இரண்டில் மட்டும், முதல் படி. தரையோடு ஒட்டிப் படர்ந்து, சின்னச் சின்னச் சிவப்புப் பூ விட்டு, சுக்கான்கல்லின் சந்தில் வேரை விட்டிருக்கிறது, நின்றுகொண்டு பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. மூன்று வருஷமாக அதன் மேல் நடந்திருக்கிறேன்.

மூன்றாவது கூட்டம்தான் பட்டிக்கார அண்ணனுக்கு. 9 சதுரம், நாயுருவியும் குப்பைமேனியும், கொழுக்கட்டை மிகக் குறைவு. கணக்கில் கூட்டம் வந்தபின் அப்புச்சியைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு இடத்தையும் காட்டினேன், நான் எதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒன்பதில் மூன்று மரத்தடி. மீதி ஆறு இடத்திலும் அவர் கைத்தடியைத் தரையில் ஊன்றி, 'இங்கெதான் பட்டி கெடந்துது' என்று சொன்னார். ஒன்றில் பட்டியை மாற்றியது என் அம்மா கல்யாணத்துக்கு முந்தின வருஷம். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

நீலக் கொழுக்கட்டை இருந்தது, செம்மண் கூட்டத்தில் மட்டும், இப்போது தனி வரியாக்கிவிட்டேன். பதிவேட்டுக்கு இந்த மூன்று பெயரை எழுதிக் கொடுக்கப்போகிறேன்: கொழுக்கட்டை–கொழிஞ்சிக் காடு, கொழுக்கட்டை–செப்புநெருஞ்சிச் சுக்கான் மேடு, நாயுருவிப் பட்டித்தரை. சரியா என்று சொல்லுங்கள். ஒரே ஒரு சிக்கல் பாக்கி. சுக்கான் மேட்டில் அரிஸ்டிடா இனப் புல் ஒன்று 8 சதுரத்தில் வருகிறது, பட்டியலில் 'புல் 14' என்றே கிடக்கிறது. மூன்று முள்மயிர் விரிந்து நிற்கிற கதிர், அதற்கு மேல் என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

கிளுவைவேலி
பிப்ரவரி 2

பெயர் மூன்றும் நன்றாக இருக்கிறது அம்மிணி, மண்ணும் செடியும் மேய்ச்சலும் அதிலேயே வந்துவிட்டன. ஆனால் நான்கு காட்டை வைத்து மூலனூர்ப் பக்கம் முழுக்கக் கொறங்காடு இப்படித்தான் என்று எழுதிவிடாதே, 'இந்த நான்கு காட்டில் கண்டது' என்று எழுது. வெள்ளகோவில், காங்கயம், அரவக்குறிச்சிப் பக்கம் தலா ஐந்தாறு சதுரமாவது சுக்கான் மேட்டில் எடுத்து, செப்புநெருஞ்சி அங்கேயும் நிற்கிறதா என்று பார்த்தபின் பெரிதாகச் சொல்லலாம்.

புல் 14ஐ வேரோடு தூரோடு பிடுங்கி, கதிர் முழுசாக இருக்கிறதாகப் பார்த்து, பழைய செய்தித்தாளில் மடித்து அழுத்திவை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தாளை மாற்று, இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். எந்தக் காடு, எந்த மண், என்ன தேதி என்று சீட்டு எழுதிக் கூடவே வை. நன்றாகக் காய்ந்ததும் கோயமுத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு எடுத்துப் போ, மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று பெயர், ஆனால் இருப்பது கோயமுத்தூரில்தான். அங்கே ஏட்டில் ஒட்டி வைத்திருக்கிற அரிஸ்டிடாக்களோடு உன் புல்லை லென்ஸ் வைத்து ஒப்பிடலாம். போகிறதுக்கு முன்னால் அனுமதி கேட்டுவிட்டுப் போ.

வெள்ளகோவில் பட்டிக்காரன்
பிப்ரவரி 3

எங்கள் சுக்கான் துண்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வா கண்ணு. மாசி பிறந்தால் காட்டைத் திறந்துவிடுவோம், அதற்குள் வந்தால் புல் நிற்கும். அப்புச்சியையும் கூட்டிக்கொண்டு வா, எங்கள் அப்பாருக்கும் பழைய பட்டி இடமெல்லாம் நினைவிருக்கிறது.